வழிச் செலவு

சென்ற மாதம் ஒரு மாலையில் எங்கள் கடம்பூர்ப் பையன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவன். நாவல்கள் நிறையப் படிப்பவன். நல்ல வேளையாக இன்னும் எழுத ஆரம்பிக்கவில்லை. உட்கார்ந்ததும் ஒரு பழைய பத்திரிகையை எடுத்து நீட்டினான். 2004-ம் ஆண்டு நான் எழுதிய பிரயாணக் கட்டுரை ஒன்று அதில் இருந்தது. விசாகப்பட்டினத்துக்குத் தனியாளாக, மிகக் குறைந்த செலவில் போய் வந்த கதை.

"அண்ணாச்சி, இதைக் கையில வச்சிக்கிட்டே போயிட்டு வந்திட்டேன். எல்லாம் நீங்க எழுதினபடியே இருக்கு" என்றான்.

எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும்? அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால், அவன் சொன்னது மனத்தில் எங்கேயோ இடறிக்கொண்டே இருந்தது. இருபது வருஷத்தில் அங்கே விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியிருக்கும். 2014-ம் ஆண்டு அக்டோபர் மாதம் ஹூட்ஹூட் புயல் அந்த நகரத்தின் மரங்களை முறித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. மனிதர்களில் ஒரு தலைமுறையே மாறியிருக்கும். அப்படியிருக்க, என் கட்டுரையில் மாறாமல் இருந்தது எது? எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தேன். கடல், குன்று, கலங்கரை விளக்கம், கோயில். படம் போட்ட தபால் கார்டு எதையெதைக் காட்டுமோ அவைதாம் மாறாமல் இருந்தன.

பிறர் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதி நான் சிலருடைய பகையைச் சம்பாதித்திருக்கிறேன். என் கட்டுரை ஒன்றுக்கும் அப்படி ஒன்று எழுதிப் பார்ப்பதுதான் நியாயம் என்று தோன்றியது. அதுதான் இது.

முதலில் கட்டுரையின் நல்ல அம்சங்களைச் சொல்லிவிடுகிறேன்; மதிப்புரைக்காரர்களின் மரபு அது. நடை மோசமில்லை. கடம்பூரிலிருந்து கோவில்பட்டி, கோவில்பட்டியிலிருந்து சென்னை, அங்கிருந்து வடக்கே சுமார் 780 கிலோமீட்டர் என்று ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் நின்றும் குந்தியும் போனது சுவையாகவே வந்திருக்கிறது. விசாகப்பட்டினம் ஸ்டேஷனில் எஞ்சினைக் கழற்றி மறுபுறம் மாட்டுவதையும், தூங்கி விழித்த பிரயாணிகள் வண்டி திரும்பிப் போகிறதென்று பதறுவதையும் நன்றாகக் கவனித்திருக்கிறேன். தகவல்களிலும் குறையில்லை. 1933-ல் திறந்த துறைமுகம், 1941-ல் சிந்தியா கம்பெனி தொடங்கிய கப்பல் கட்டும் தளம், அங்கே கட்டிய 'ஜல உஷா'வை நேரு 1948-ல் கடலில் இறக்கியது, 1942 ஏப்ரலில் ஜப்பானியர் போட்ட குண்டுகள், நம் சி.வி. ராமன் பள்ளிப் பையனாக அந்த ஊரில் படித்தது, எல்லாம் உண்டு. துறைமுகத்தை ஒட்டிய மூன்று குன்றுகளில் ஒன்றில் மாதா கோயிலும் ஒன்றில் தர்காவும் ஒன்றில் வெங்கடேசுவரர் கோயிலும் இருப்பதைச் சொல்லி, மத ஒற்றுமையைப் பற்றி ஒரு பத்தி. அந்த ஊருக்குப் போய்விட்டு வந்து அந்தப் பத்தியை எழுதாதவர் இல்லை.

கட்டுரையின் உயிர்நிலை இவற்றில் எதுவுமில்லை. அது செலவுக் கணக்கில் இருக்கிறது. ரயில் கட்டணம் நீங்கலாக நான்கு நாளைக்கு 430 ரூபாய்! இதைக் கட்டுரையில் மூன்று இடங்களில் சொல்லியிருக்கிறேன். கைலாசகிரிக் குன்றின் மேல் நடந்தே ஏறிப் பஸ் கட்டணத்தை மிச்சம் பிடித்தேன். கடற்கரையில், 2001-ல் ஓய்வு பெற்று மறு வருஷம் காட்சிச்சாலையாகிவிட்ட 'குர்சுரா' என்ற நீர்மூழ்கிக் கப்பலை வெளியில் நின்று பார்த்தேன். டிக்கெட் வாங்க மனம் வரவில்லை. கட்டுரையில் மட்டும், யுத்தத் தளவாடங்களில் எனக்கு ருசி இல்லை என்று பெரிய தத்துவம் பேசியிருக்கிறேன். சிக்கனத்தைக் கொள்கையாக மாற்றிக்கொள்வதில் ஏழைப் பிரயாணிக்கு உள்ள சாமர்த்தியம் அரசியல்வாதிக்குக்கூட வராது.

கையில் காசு குறைவாகத் தனியாகப் போகிறவன்தான் ஊரை உண்மையில் பார்க்கிறான் என்பது அன்று என் கட்சி. இன்றும் அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். காரில் போகிறவன் இறங்குகிற இடங்களை மட்டும் பார்க்கிறான். நடந்து போகிறவன் இடையில் உள்ளதையும் பார்க்கிறான். அதிலும் விசாகப்பட்டினம் போன்ற, குன்றும் கடலும் நெருக்கிக்கொண்டு நிற்கிற நகரத்தில் நடைதான் ஊரைக் கற்றுக்கொடுக்கும். எங்கள் கரிசல் காட்டில் ஒரு மைல் என்றால் ஒரு மைல்தான். குன்று என்றால் எங்களுக்குக் கழுகுமலையும் குருமலையும். அவை தூரத்தில் தெரிகிறவை. ஊருக்குள் வந்து வழிமறிப்பவை அல்ல. விசாகப்பட்டினத்திலோ எதிர்வீட்டுக் கூரை உங்கள் கால் மட்டத்தில் இருக்கும். அதற்குப் போகச் சுற்றி வர வேண்டும். தூரம் வேறு, பாடு வேறு என்பதைக் கால் வலித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

நான் ஒப்புக்கொள்ளாத மறு பாதியைச் சொல்வதற்கு முன், நம் பழைய பிரயாண இலக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிரயாணக் கட்டுரை மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படை பக்தி விஷயம். அதை ஒதுக்கி வைத்தாலும் மற்ற நான்கும் வயிற்றுப்பாட்டுக்காக நடக்கிறவர்களின் வழிப் புத்தகங்களே. பரிசு பெற்றுத் திரும்புகிற பாணனோ கூத்தனோ, எதிரே பசியோடு வருகிற தன் இனத்தானை நிறுத்தி வழி சொல்கிறான். மலைபடுகடாம் மலைப் பாதையின் அபாயங்களை ஒவ்வொன்றாக எச்சரிக்கிறது. வழுக்குகிற இடம் எது, தினைப்புனம் காக்கிறவர்களின் கவண் கல் எங்கே வந்து விழும் என்பதெல்லாம் அதில் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் துறைமுகப் பட்டினம் வருகிறது. கலங்கரை விளக்கம்கூட வருகிறது. டால்பின்ஸ் நோஸ் குன்றின் மேல் உள்ள விளக்கைப் பற்றி அரைப் பக்கம் எழுதிய நான் அந்தப் பகுதியைப் படித்து வெட்கப்பட்டேன். அவ்வளவு சுருக்கம்.

ஆனால், சுருக்கத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று அங்கே இருக்கிறது. யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதை ஆற்றுப்படைக்காரன் சொல்லாமல் விடுவதே இல்லை. வேட்டுவர் குடியிருப்பில் இது, ஆயர் குடிலில் இது, உழவர் ஊரில் இது, வலைஞர் குடியில் இது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். முடிவில் இருக்கும் வள்ளலைப் புகழ்வது தொழில் தர்மம். அதில் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பான். வழியிலுள்ள வேட்டுவனையும் வலைஞனையும் புகழ்ந்து அவனுக்கு என்ன ஆகப்போகிறது? ஆயினும் சொல்கிறான். தன்னை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது யார் என்பது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. 'நான் ஒன்றுமே செலவழிக்காமல் வந்துவிட்டேன்' என்று ஒரு பாணனும் சொல்லிக்கொள்வதில்லை.

நம் காலத்துக்கு வந்தால், ஏ.கே. செட்டியார் இருக்கிறார். காந்தி படத்துக்காக உலகத்தைச் சுற்றியவர். 1940-ல் வெளிவந்த 'உலகம் சுற்றும் தமிழன்' அவர் புத்தகம். அவர் எழுத்தில் 'நான்' மிகவும் அடங்கி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். சந்தித்த மனிதர்கள்தாம் பேசுவார்கள். அந்தப் பாணியை நான் பின்பற்றுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கட்டுரையில் 'நான்' எத்தனை தடவை வருகிறது என்று எண்ண ஆரம்பித்து, இரண்டாவது பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

மேல்நாட்டில் ஜார்ஜ் ஆர்வெல் 1933-ல் பாரிஸிலும் லண்டனிலும் தாம் பட்ட வறுமையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாளொன்றுக்கு ஆறு பிராங்கில் பாரிஸில் காலந்தள்ளுவது எப்படி என்று அவரும் கணக்குச் சொல்கிறார். அந்தக் கணக்கில் பெருமை இல்லை. காசு குறையக் குறையப் பொய் சொல்ல வேண்டியிருப்பதையும், சலவைக்காரியையும் புகையிலைக் கடைக்காரனையும் கண்டு ஒளிய வேண்டியிருப்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

இன்னொரு புத்தகம் எங்கள் பக்கத்து ஊர்க்காரருடையது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்', 1976-ல் வந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து கிளம்பி, கால்நடையாகத் தெற்கே வந்து, காட்டை எரித்துக் கரிசலில் குடியேறியவர்களின் கதை. அதை எல்லாரும் நாவலென்று படிக்கிறோம். குறைந்த செலவுப் பிரயாணம் என்றால் அதைவிடக் குறைந்த செலவு உண்டா? ஆனால், அதிலே யாரும் சிக்கனத்தைச் சொல்லிக்கொள்வதில்லை. வழியில் உதவியவர்களின் ஞாபகம்தான் தலைமுறை தலைமுறையாகக் கதையாக வந்து சேர்ந்திருக்கிறது.

இனி, அந்த மறு பாதி. கடம்பூரில் எங்கள் பக்கத்து வீடு தெலுங்கு பேசுகிற குடும்பம். அவர்கள் வீட்டு அவ்வா மடியில் வளர்ந்ததால் எனக்குப் பேச்சுத் தெலுங்கு வரும், எழுத்து வராது. அந்தப் பாஷையை வைத்துக்கொண்டுதான் விசாகப்பட்டினத்தில் சமாளித்தேன். என் தெலுங்கைக் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பல தலைமுறைகளுக்கு முன் ஊரை விட்டுப் போன தெலுங்கு அல்லவா!

மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். நகரத்துக்குள்ளேயே இருந்த ஒரு குன்றின் சரிவில், வீடுகளுக்கு இடையே போன படிகளில் ஏறினேன். உச்சியிலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும், காசும் கேட்கமாட்டார்கள் என்று கீழே ஒருவர் சொல்லியிருந்தார். வண்டி ஏற முடியாத சரிவு. சின்னச் சின்ன வீடுகள், ஒன்றன் தலைமேல் ஒன்றாக. படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். 140-க்கு மேல் மூச்சு வாங்கி நின்றபோது, ஒரு வாசலில் வயதான அம்மாள் ஒருத்தி உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். 'நீள்ளு' கேட்டேன். "ஏ ஊரு?" என்று விசாரித்துக்கொண்டே உள்ளே போய் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். குடித்தேன். "தாகு, பாபு" என்று இன்னொன்று கொடுத்தாள். அதில் பாதியைக் குடித்துவிட்டு மீதியில் முகம் கழுவிக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் சிமெண்டுப் படியில் வழிந்து போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவ்வளவுதான்.

அவள் பேரனோ பேத்தியோ, ஒரு குழந்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. என் பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுக்கலாம் என்று தோன்றியது. மறுநாள் பகல் சாப்பாட்டுக்கென்று கணக்குப் பண்ணி வைத்தது அது. கொடுக்கவில்லை.

உச்சிக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, கீழேயிருந்து பெண்கள் குடங்களோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அடிவாரத்தில் குழாய். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. பாதிப் படியில் இறக்கி வைத்து, மாற்றி எடுத்துக்கொண்டு, மறுபடி ஏற்றம். ஒதுங்கி வழிவிட்டு நின்றேன். முகத்தில் காற்றுப் பட்டபோது, கழுவின ஈரம் இன்னும் இருந்தது.

வேறு யாருக்காவது இது தெரியாமல் போயிருக்கலாம். நான் கடம்பூர்க்காரன். நடுநிசியில் கிணற்றடியில் முறை போட்டுக் காத்திருந்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்துக் குடத்தில் ஊற்றுகிறவர்களின் மகன். குடித்து மிஞ்சியதைத் தரையில் கொட்டினால் எங்கள் வீட்டில் அடி விழும். செடியில் ஊற்ற வேண்டும், அல்லது மாட்டுத் தொட்டியில். இவ்வளவும் தெரிந்தவன் அந்தப் படியில் நின்று முகம் கழுவியிருக்கிறேன். கண்ணெதிரே கடலாகக் கிடந்த தண்ணீரைப் பார்த்ததில் புத்தி மயங்கிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சமாதானம் கழுவின நிமிஷத்துக்குச் செல்லும். கட்டுரை எழுதிய நாளுக்குச் செல்லாது. எழுத உட்கார்ந்தபோது எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

கட்டுரையில் அந்த இடம் எப்படி வந்திருக்கிறது? படிகள் வந்திருக்கின்றன, நான் ஏறிய சாதனையாக. அந்த அம்மாள் வரவில்லை. 'அங்குள்ள மக்கள் புன்னகையோடு உபசரித்தார்கள்' என்று ஒரு வாக்கியம். முத்தாய்ப்பாக, கணக்குப் போடுகிற இடத்தில், 'நான்கு நாளும் குடிதண்ணீருக்கு நான் ஒரு பைசா செலவு செய்யவில்லை' என்று ஒரு பெருமை.

இந்த ஒரு வரியால் கட்டுரை முழுவதும் பொய்யாகிவிட்டது என்பது என் தீர்ப்பு. தகவல் சரிதான், காசு கொடுக்கவில்லை என்பது உண்மைதான். அந்தத் தண்ணீருக்குச் செலவே இல்லை என்று சொன்னதுதான் பொய். அதை அந்த வீட்டில் யாரோ ஒருத்தி, 140 படிகளைத் தூக்கி ஏறி, முன்பே செலுத்திவிட்டிருந்தாள். பிரயாணி மிச்சம் பிடிக்கிற காசு எல்லாம் அப்படித்தான் என்று நான் சொல்லவரவில்லை. பஸ்ஸில் ஏறாமல் நடந்தால் அது அவன் கால்வலி. அதை அவன் தாராளமாகப் பெருமையடித்துக்கொள்ளலாம். மற்றவர் தூக்கி வந்ததைத் தன் சிக்கனக் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. பழைய பாணனுக்குத் தெரிந்திருந்த இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் போயிற்று.

விசாகப்பட்டினத்திலேயே இதை எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கக்கூடிய ஒருவர் வாழ்ந்தார். ராசகொண்ட விசுவநாத சாஸ்திரி. ராவி சாஸ்திரி என்றால்தான் தெலுங்கு வாசகர்களுக்குத் தெரியும். அந்த ஊரில் வக்கீல் தொழில் நடத்தியவர், 1993-ல் காலமானார். 'ஆறு சாராக் கதைகள்' என்ற அவருடைய கதைகளைப் பல வருஷம் கழித்து ஒரு தெலுங்கு நண்பர் வாசித்துப் பொருள் சொல்லக் கேட்டேன். மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டிக்கொண்ட ஏழைகள், போலீஸ்காரர்கள், சாட்சிகள், சின்னக் கோர்ட்டுகள். கடலையும் குன்றையும் வர்ணிக்க அவருக்கு நேரமில்லை. ஆனால், அந்தக் கதைகளைக் கேட்டபோதுதான் அந்தக் குன்றின் படிகளில் மறுபடி ஏறுவது போல் இருந்தது எனக்கு. ஊரிலேயே இருப்பவருக்கு அது சுலபம், நாலு நாள் பிரயாணிக்கு அது எப்படி முடியும் என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். நாலு நாளில் ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள முடியாது. தனக்குத் தண்ணீர் கொடுத்தவளைப் பற்றி நாலு வரி எழுத நாலு நாள் தேவையில்லை.

சிம்மாசலத்தைப் பற்றியும் கட்டுரையில் உண்டு. அங்குள்ள வராக நரசிம்மரின் மேல் வருஷம் முழுவதும் சந்தனக் காப்பு இருக்கும். அட்சய திருதியை அன்று ஒரு நாள் மட்டும் அதைக் களைந்து நிஜரூபத்தைக் காட்டுகிறார்கள். நான் போனபோது சந்தனத்தைத்தான் பார்த்தேன். 'நிஜரூபம் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை' என்று உருக்கமாக ஒரு வரி எழுதியிருக்கிறேன். மூன்றாம் நாள் பகலில் பார்த்ததை மறைத்துவிட்டு எழுதிய வரி அது.

இவ்வளவையும் அந்தப் பையனிடம் சொல்லிவிட வேண்டுமென்று மறுநாள் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தான். "அந்தக் குன்றுக்குப் போனாயா?" என்று கேட்டேன்.

"போனேன் அண்ணாச்சி. நீங்க எழுதின அடையாளத்தை வச்சி விசாரிச்சித்தான் போனேன். அதே குன்றுதானான்னு தெரியல. படி மட்டும் நூத்தி அம்பது இருந்திச்சி."

"யாரிடமாவது தண்ணீர் வாங்கிக் குடித்தாயா?"

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் புரட்டினான். என்னைப் போலவே அவனும் கணக்கு எழுதியிருந்தான். அந்தத் தேதியில் முதல் வரி: 'தண்ணீர் பாட்டில் 2 — ரூ. 40.'

"மேல ஏறும்போது ஒரு வீட்டுல வேணுமான்னு கேட்டாங்க. கையில பாட்டில் இருந்ததால வேண்டாம்னுட்டேன்" என்றான். பிறகு, நான் கேட்காமலே, "அங்கெல்லாம் இன்னும் குடத்தில எடுத்துக்கிட்டுத்தான் போறாங்க அண்ணாச்சி. அதை நீங்க எழுதவே இல்லையே?" என்றான்.

நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். செலவுகளுக்கு நடுவே, கொடுக்காத காசுகளையும் அவன் ஒரு மூலையில் குறித்து வைத்திருந்தான்: ரயிலில் பக்கத்து ஆள் கொடுத்த இரண்டு இட்லி, மழைக்கு ஒதுங்கிய ஒரு கடைத் திண்ணை. அவற்றுக்கு எதிரே தொகை எதுவும் போடாமல் வெறுமே கோடு போட்டிருந்தான். அந்த நோட்டை அப்படியே அச்சுக்குக் கொடுக்கலாம் என்று சொன்னேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான்.